கூந்தல் பூத்த ரோசாக்கொடி

ஏழு கம்மாய் தாண்டி எட்டாவது கம்மாய்க்கரையில ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல மயிலி, மயிலின்னு ஒரு பொண்ணு. நின்னா அவளுக்குக் கால் நிக்காது, உக்காந்தா கை சும்மா இருக்காது. அரிசியை உலையில போட்டுட்டு மூடியைத் தொறந்து தொறந்து பாத்தே சோத்தை அரைவேக்காடா ஆக்கிருவா. வீட்டுல அவளும் அவ அப்பன் ஒச்சப்பனும், கூட ஒரு வெள்ளாடு. அந்த ஆடு பேசும். அப்பல்லாம் ஆடு பேசுமாம். மனுசங்களோட பேசி என்னத்தைக் கண்டோம்னு அப்புறமா விட்டுருச்சுங்க.

அவ வீட்டு வாசப்பந்தல்ல ஒரு ரோசாக்கொடி படர்ந்து கெடந்துச்சு. அந்தக் கொடியிலதான் அவ கல்யாணமே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எப்படின்னு கேளுங்க.

முன்னாடி ஒரு காலத்துல அந்த ஊரு ராசா, தன் கல்யாணத்துக்கு இரவல் பூவுல மாலை கட்டிப் போட்டுக்கிட்டாராம். மாலைக்குள்ள செவ்வெறும்பு. தாலி கட்டுற நேரத்துல முதுகு அரிக்க, கழுத்து அரிக்க, அக்குள் அரிக்க, அவரு ஒரு கையால சொறிஞ்சுக்கிட்டே மறுகையால தாலியைப் போடப்போயி, பொண்ணுக்குப் பக்கத்துல நின்ன தோழி கழுத்துல போட்டுட்டாரு. அந்தத் தோழிதான் அப்புறம் ராணி. நல்லாத்தான் குடும்பம் நடத்துனாளாம், அது வேற கதை. ஆனா அன்னையிலருந்து ராசா சட்டம்: பொண்ணு வீட்டு வாசல்ல பூத்த பூவுலதான் கல்யாண மாலை. அங்க பூ இல்லைன்னா, மாப்பிள்ளை அதே முகூர்த்தத்துல பூ இருக்கிற பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கட்டணும்.

எங்க விட்டேன்? ஆங், மயிலி.

அவளுக்கு வண்டிக்காரன் சன்னாசியைப் பேசி, தை மாசம் முகூர்த்தம் வச்சாச்சு. அவனைன்னா அவளுக்கு உசுரு. அவன் வண்டி மாட்டுச் சலங்கை கேட்டா கையில இருக்கிற கொடத்தைக் கீழ போட்டுருவா. பக்கத்து வீட்டு வடிவக்காளுக்கு அது பொறுக்கல. அவ வாசல்ல மல்லிகைப் பந்தல் இருக்கு, வீட்டுக்குள்ள பேச்சின்னு ஒரு மகளும் இருக்கா. ஆவணி மாசத்துல ஒரு நா மயிலி தண்ணிக்குப் போன நேரம் பாத்து, அருவாளை எடுத்துட்டு வந்து ரோசாக்கொடியை நடுவுல வெட்டிட்டா. வெட்டிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி முதல் ஆளா வந்து அழுததும் அவதான்.

"அடி பாவி மகளே, எந்த மாடு மேஞ்சுச்சோ. விடு தாயி, விதின்னு நெனச்சுக்க."

மயிலியா விடுவா? பாலை ஊத்துனா. எறும்பு வந்துச்சு. பந்தலுக்கு மேல ஓலை போட்டு மூடுனா. இருக்கிற எலையும் பழுத்துச்சு. வேர் புடிச்சிருக்கான்னு பாக்க மண்ணைத் தோண்டுனா. மறுநாளும் தோண்டுனா. அதுக்கு மறுநாளும் தோண்டுனா. கொடி கருகிக் குச்சியாப் போச்சு.

"ஏன் மயிலி, உன்னைய யாராச்சும் தெனமும் பாயிலருந்து எழுப்பி உக்கார வச்சா நீ தூங்குவியா?" அப்படின்னுச்சு ஆடு.

"நீ செடியைத் திங்கிறவ, உனக்கு என்ன தெரியும்?"

"தின்னுட்டுப் போறேன்ல, மறுபடி வந்தா ஏன் புதுசா தளிர் இருக்கு? நான் போயிர்றதுனால. கருகுனதைப் பச்சை தெரியிற வரைக்கும் நறுக்கு. தூர்ல காஞ்ச எலையைப் போட்டு மூடு. தண்ணி ஊத்து. அப்புறம் இங்க நிக்காத."

"நிக்காம எங்க போறது?"

"என்னைய மேய்ச்சலுக்குக் கூட்டிட்டுப் போ. நிக்காத உன் காலுக்கும் ஒரு வேலை ஆகும்."

அதே மாதிரி நறுக்குனா, மூடுனா, தண்ணி ஊத்துனா. அப்புறம் ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கம்மாய் கம்மாயாச் சுத்துனா. மனசு மட்டும் வீட்டுலயே கெடந்துச்சு. "இப்ப தளுத்திருக்குமா?"ன்னு கேப்பா. "மேயவிடு"ங்கும் ஆடு. "இப்ப?" "மேயவிடு."

மழை விழுந்துச்சு. கொடி தளுத்துச்சு. ஆனா எப்படி? தென்னைமரம் மாதிரி நெட்டுக்கு வளந்துச்சு, உச்சியில மட்டும் ஒத்தை மொட்டு. ஒத்தைப் பூவுல மாலை கட்ட முடியுமா? மார்கழியும் பொறக்கப் போகுது. மயிலிக்குச் சோறு எறங்கல.

வடிவக்காளுக்கோ அந்த ஒத்தை மொட்டும் ஆகல. அருவாளை வச்சா தழும்பு தெரியும். வளைச்சுக் கட்டிப்போட்டு, ஒடிஞ்சப்புறம் கயித்தை அவுத்துட்டா காத்துல சாஞ்சுச்சுன்னு சொல்லிக்கலாம். அப்படிக் கணக்குப் போட்டா அவ. ஒரு மத்தியானம், ஊரே களத்துமேட்டுல இருக்கு. இவ வந்து கொடியைப் புடிச்சு இழுத்து, வாசல் வேலி மேல படுக்க வச்சு, கயித்தால கட்டுனா. கட்டிட்டு நிமிரப் பாத்தா, கொண்டையைப் புடிச்சுக்கிச்சு முள்ளு. இழுத்தா வரல. திருகுனா வரல. தூரத்துல ஆட்டு மணி கேக்குது. என்ன பண்ணுவா? கொண்டையில பாதிக்கு மேல சவுரி, ஒட்டுமுடிதான். கூத்துக்காரன் வேசத்தைக் கழட்டுற மாதிரி அதைக் கழட்டி விட்டுட்டு, முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு ஓடிட்டா.

மயிலி வந்து பாத்தா. கயித்தை அவுக்கக் கை போச்சு.

"தொடாத," ன்னுச்சு ஆடு.

"ஒடிஞ்சிருக்கும்."

"ஒடியல. வளைஞ்சிருக்கு. இப்ப நிமித்துனா ஒடிஞ்சிரும்."

மயிலி ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துக்கிட்டா. அந்தக் கை என்னா துடி துடிச்சுச்சுங்கிறீங்க. நடுவுல கருப்பா என்னமோ தொங்குது. குருவிக்கூடுன்னு நெனச்சு அதையும் தொடல.

படுத்த கொடி கணுவுக்குக் கணு துளிர் விட்டுச்சு. துளிருக்குத் துளிர் மொட்டு வச்சுச்சு. தை பொறந்து முகூர்த்தத்தன்னிக்கு விடிஞ்சா, வேலி தெரியல, செவப்புப் பாய் விரிச்ச மாதிரி பூவு.

பூப்பறிக்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வந்தாங்க. முக்காட்டோட வடிவக்காளும் வந்தா, வராட்டி ஊரு பேசுமே. சன்னாசியோட ஆத்தா பறிச்சுக்கிட்டே போனவ, கருப்பா நீளமா ஒண்ணை உருவித் தூக்கிப் புடிச்சா.

"ஏன் சம்பந்தி, உங்க ரோசாக்கொடியில கூந்தலும் பூக்குமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஆடு மட்டும் சிரிக்கல. மெதுவா வந்து வடிவக்கா முந்தானையைக் கவ்வி இழுத்துச்சு. முக்காடு வுழுந்துச்சு. எலுமிச்சங்கா அளவு கொண்டை.

"அது எங்க ஆத்தா சவுரி," ன்னா பேச்சி. "கொடியைக் கட்டியிருக்கிற கயிறும் எங்க வீட்டுக் கயிறுதான். எனக்கு அந்த வண்டிக்காரன் வேணாம்னு தலையில அடிச்சுக்கிட்டேன், கேட்டாதானே."

ஒச்சப்பன் அடிக்கப் போனாரு. மயிலி மறிச்சுட்டா. "விடுங்கப்பா. அவுக கட்டிப்போட்டாதான் இத்தனை பூ. கட்டுன கையாலயே மாலையும் கட்டட்டும்."

வடிவக்கா முக்காடு இல்லாம ஊருக்கு நடுவுல உக்காந்து, முள்ளு குத்தக் குத்த அத்தனை பூவையும் கட்டுனா. "சீக்கிரம் சித்தி, சீக்கிரம் சித்தி"ன்னு மயிலி நின்ன எடத்துலயே குதிச்சுக்கிட்டு இருந்தா. அந்தப் புத்தி எங்க போகும்?

வெட்டுப்பட்டது பொழச்சுக்கும், நாம நோண்டாம இருந்தா. அம்புட்டுத்தான். ரோசா பூத்துச்சு, தாலி ஏறுச்சு, ஆடு மேயப் போச்சு. பாயை நோண்டாம கண்ணை மூடுங்க.