மண்தூணுக்குப் பூ வைத்தவர்

“எங்க ஊட்டுக்காரரைத் தோண்டிக் குடுங்க, மேஸ்திரி.”

கேட்கவே கூடாது என்று கூட்டாளிகள் எல்லோரும் சொல்லி அனுப்பியதைத்தான் பாவாயி அம்மையார் முதல் வார்த்தையாகக் கேட்டார். தலையில் வெறுங்கூடை இருந்தது. அதை இறக்கக்கூட இல்லை.

அவர் மண் சுமந்து பிழைத்தவர். கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இருப்புப்பாதை போட்டு இணைக்கிறோம் என்று துரைமார் கிளம்பிய காலம். திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற செம்மண் காட்டில் வேலை நடந்தது. மலைமேல் இருக்கும் சிவனைப் பார்க்க அம்மையாரின் சாதிக்கு வாசல் கிடையாது. வாசலை அடைத்தவர்களுக்கு அதில் வெட்கமும் கிடையாது.

அம்மையார் தம் சிவனைக் குழிக்குள் கண்டார். தண்டவாளத்துக்குக் கரை போட மண் வெட்டும்போது குழியின் நடுவில் ஒரு தூண் அளவு மண்ணைத் தொடாமல் விடுவார்கள். வெட்டிய ஆழத்தை அதை வைத்துத்தான் அளப்பார்கள். காலையில் தம் பங்குக் குடிதண்ணீரில் ஒரு கை அள்ளி அந்தத் தூணின்மேல் விட்டு, ஒரு தும்பைப் பூ வைத்த பிறகுதான் அவர் கூடையைத் தொடுவார். அளவு முடிந்ததும் தூணை வெட்டிச் சாய்ப்பார்கள். அந்த மண்ணையும் அவரே சுமந்து கரையில் கொட்டுவார். அடுத்த குழியில் அடுத்த சிவன்.

“உங்க சாமிக்கு ஆயுசே ஒரு வாரந்தானா, நங்கை?” என்று கொழுந்தன் மாரப்பன் சீண்டுவான்.

“நமக்கு மட்டும் என்ன எழுதிக் குடுத்திருக்காங்களா?” என்பார்.

ரயில் வந்தால் பஞ்சம் ஓடிவிடும் என்று சொல்லித்தான் ஆள் பிடித்தார்கள். பாதை முடிந்த தூரம்வரை ஓடிய முதல் வண்டி, இந்தக் காட்டில் விளைந்த தானியத்தை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனது. கரை போட்டவர்கள் கூழுக்கு வரிசையில் நின்றபடி அதை வேடிக்கை பார்த்தார்கள்.

மழைக்கு முன் கரை முடியவேண்டும் என்று மேஸ்திரி ரங்கப்பனுக்கு நெருக்கடி. மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் நாளாகும். குழிச்சுவரை அடியில் குடையுங்கள், மேல்மண் தானே விழும், அள்ளிக்கொள்ளலாம் என்றான். விழுந்தது. அடியில் குடைந்துகொண்டிருந்த செங்கோடன்மேல் விழுந்தது. அவர் அம்மையாரின் கணவர்.

தோண்டி எடுத்தால் சாவு துரையின் காதுக்குப் போகும். துரை மேஸ்திரியை விரட்டுவார். கூட்டத்துக்கே கூழ் நின்றுபோகும். அதனால் இந்தக் குழி முடிந்தது என்று அறிவித்து, ஆட்களை அடுத்த குழிக்குக் கிளப்பினான் ரங்கப்பன். வாயைத் திறக்காதே என்று சொந்த சனமே அம்மையாரின் காலைப் பிடித்தது.

அவர் திறந்தார்.

“செத்தவன் செத்துட்டான். இருக்கறவங்க கஞ்சியில மண்ணள்ளிப் போடாத,” என்றான் ரங்கப்பன்.

“மண்ணைப் போட்டது நானா, மேஸ்திரி?”

“பூ வெச்சுக் கும்புடறயே ஒரு மண்ணாங்கட்டி, அதைப் போய்க் கேளு. எடுத்துக் குடுக்கும்.”

இரண்டொருவர் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் வேலை போகும்.

அம்மையார் பழைய குழிக்குள் இறங்கினார். சரிந்த மண்ணுக்கு நடுவே தூண் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போலத் தண்ணீர் விட்டார், பூ வைத்தார். பிறகு கையாலேயே மண்ணை அள்ளிக் கூடையில் போட்டுச் சுமக்கத் தொடங்கினார். அடுத்த குழியில் மண்வெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன.

ரங்கப்பனுக்குப் பொறுக்கவில்லை. “டேய் மாரப்பா, அந்தத் தூணை வெட்டிச் சாய்டா. இவ சாமி போனாத்தான் இவளும் போவா.”

மாரப்பன் மண்வெட்டியை ஓங்கினான். கை இறங்கவில்லை.

“வெட்டு, மாரப்பா,” என்றார் அம்மையார். “வெட்டறதுக்குன்னே நின்ன சாமிதான அது. எத்தனை தடவ வெட்டிருக்கீங்க, எங்கிட்ட வராமயா போயிட்டாரு?”

வெட்டினான். தூண் சாய்ந்த இடத்தில் தண்ணீர் பொங்கியது. சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் வறண்டு கிடந்த கோடையில் ஊற்றுக்கண் திறந்து, சரிவு மண்ணைக் கரைத்து இழுத்தது. தூணின் அடியைப் பிடித்தபடி ஒரு கை தெரிந்தது. அதன் விரலிடுக்கில் முந்தின நாள் தும்பைப் பூ. தம்மை வெட்டக் கொடுத்து, அடியாரின் துணைவரைத் திருப்பிக் கொடுத்தார் ஈசன்.

உயிரோடு கொடுத்திருக்கலாம். அம்மையார் அப்படிக் கேட்கவில்லை. அந்தக் கோபம் நமக்குத்தான்.

மாரப்பனும் மற்றவர்களும் கூப்பிடாமலே இறங்கி, செங்கோடனைத் தூக்கி மேட்டில் அடக்கம் செய்தார்கள். ரங்கப்பன் கை கூப்பிக்கொண்டு வந்தான்.

“தாயி, நீ இங்கயே இரு. இனி மண் சுமக்க வேண்டாம். இந்த எடத்துல மேடை கட்டித் தரேன், பூசை பண்ணிக்கிட்டு இரு.”

“மேக்க இன்னும் குழி வெட்டறாங்களா, மேஸ்திரி?”

“மேக்குக் கடல் வரைக்கும் வெட்டறாங்க. அதுக்கென்ன?”

“அங்கயும் அடியிலதான் குடையச் சொல்லுவாங்க. குடையாதீங்கன்னு சொல்லோணும்.”

“துரை சும்மா உடுவாரா?”

சாய்ந்த தூணிலிருந்து ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து நெற்றியில் பூசி, மீதியை மடியில் முடிந்துகொண்டார் அம்மையார். ரங்கப்பன் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். வெட்டுப்பட்ட சிவனை மடியில் சுமந்த அந்த அம்மையார், தாம் கொட்டிய மண்ணாலான கரைமேல் ஏறி மேற்கே நடந்தார். அந்தப் பாதம் பட்ட மண்ணுக்கு நம் கும்பிடு.