காதைத் தொட்ட வயது

"ஆயரம்மா, அந்தப் பலகையைப் பிடுங்கி எறியச் சொல்லுங்க!"

உபதேசியார் ஞானாபரணம் மூச்சிரைக்க வந்து நின்றார். ஊருக்கு மேற்கே பாறையடியில் புவியியல் துறை அதிகாரிகள் ஒரு பலகை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாறையின் வயது ஐம்பது கோடி ஆண்டு என்று அதில் எழுதியிருந்தது.

ஆயர் எமீமாள் தலை நிமிரவில்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் கிழிந்த அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். உபதேசியாரின் மகளைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனசில் ஒரு சிக்கல் என்றால் மனுஷன் இவரிடம்தான் ஓடிவருவார்.

"உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்னு வேதத்துல கணக்கு இருக்கு. பாறைக்கு மட்டும் ஐம்பது கோடியா?"

"கருவி வெச்சு அளந்திருப்பாங்க."

"என்னத்த அளந்தாங்க? பாறைக்குள்ள தேஞ்சுக்கிட்டே வர்ற பொருள்ல இன்னைக்கு மிச்சம் இருக்கறத அளந்தாங்க. ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சு, என்ன வேகத்துல கொறஞ்சுது, எல்லாம் யூகம்தான். பக்கத்துல நின்னு பாத்தவன் எவன்?"

"ம்."

"ஞாயித்துக்கெழமை இதுதான் என் பிரசங்கம். ஒரு உதாரணம் வெச்சிருக்கேன். சபை விழுந்து விழுந்து சிரிக்கும்."

பிரசங்கபீடம் என்றால் அவருக்கு உயிர். அறுபது வயதானால் உபதேசியார் பொறுப்பிலிருந்து இறங்கிவிட வேண்டும், அதற்குமேல் பிரசங்கம் கிடையாது என்பது சபையின் சட்டம். பள்ளிச் சான்றிதழ்படி இவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவார்.

"சொல்லுங்க, கேப்போம்."

"என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்போ, பெரிய வாத்தியார் வயசே கேக்கல. தலைக்கு மேல கையச் சுத்தி அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். தொட்டா அஞ்சு வயசு. எனக்கோ குட்டைக் கை. எட்டல. அடுத்த வருஷமும் எட்டல. மூணாம் வருஷம்தான் எட்டிச்சு. உடனே அஞ்சுன்னு எழுதிட்டார்!"

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

"எல்லாக் கையும் ஒரே மாதிரி வளரும்னு நெனச்சார் பாருங்க, அதுதான் தப்பு. பாறைய அளக்கிறவனும் அதைத்தான் செய்யுதான்."

"அப்போ எதை நம்பணும்?"

"பக்கத்துல நின்னு பாத்தவங்க எழுதி வெச்சத."

ஆயர் பசைக் கையைத் துடைத்துக்கொண்டார். பதிவேட்டில் ஒரு பக்கத்தை விரித்து அவர் பக்கம் தள்ளினார்.

ஞானாபரணம். தகப்பன் பெயர். தாய் பெயர். பிறந்த நாள். அன்றைய ஆயரின் கையெழுத்து.

உபதேசியார் விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அறுபது போன மாதமே முடிந்திருந்தது.

"அந்தக் காலத்து ஆயருக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதுன்னு சொல்லுவாங்க," என்றார் மெல்ல.

"ம்."

"மையும் மங்கிப்போச்சு."

"ம்."

"யோசிச்சுப் பாத்தா, காதைத் தொடுறதும் ஒரு விஞ்ஞானம்தானே ஆயரம்மா?"

ஆயர் பதிவேட்டை மூடவில்லை.

தான் சொன்னது உபதேசியாரின் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஞாயித்துக்கெழமை நான் ஏறலாமா?"

"ஏறுங்க. கடைசியா ஒரு தடவை."

"எதைப் பேச?"

"அதே பிரசங்கம்தான். உதாரணத்தை மட்டும் மாத்திராதீங்க."