உன் பங்குக் கரை

நீ வரவில்லை. எதற்குப் போனாய், எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கடல் ஏறும் மாதத்துக்கு முன்னால் வந்து உன் பங்குக் கரையில் மண் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

மறந்திருந்தால் கேட்டுக்கொள். நம் ஊர்க் கடற்கரை அணையை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. பழைய புயலில் கடல் ஊருக்குள் வந்து திரும்பியபோது, செத்தவர்களைத் தூக்கிப் போக ஆளில்லை. கிடந்த இடத்திலேயே அவரவர் வீட்டார் மண் போட்டு மூடினார்கள். மேடும் மேடும் சேர்ந்து கரையாக நின்றன. வீட்டுக்கு ஒரு பங்கு. பங்குக்காரன் உயிரோடு இருக்கும்வரை அதில் வேறு கை மண் போடாது, கட்டியவள் கையானாலும் சரி. போட்டால் அவனை மூடியதாக அர்த்தம். கட்டியவள் கழுத்திலிருந்து தாலி இறங்க வேண்டும்.

இந்த ஐப்பசி அமாவாசையன்று காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. கடல் ஓதம் ஏறியது. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லை. நண்டுகள் கரையைத் தாண்டி ஊர்ப்பக்கம் ஓடின. ஊர் மேட்டுக்குப் போகிற பாதை மூழ்கிவிட்டதால், பிள்ளைகளையெல்லாம் கரைக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தார்கள். உன் பிள்ளையும் அங்கேதான்.

எல்லோர் பங்கும் உயர்ந்திருந்தது. உன் பங்கு மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி. அந்தப் பள்ளத்தில் உன் மனைவி செண்பகம் உட்கார்ந்திருந்தாள். யாரும் மண் போடக் கூடாது என்றாள். தண்ணீர் அவள் மடியில் அடித்தது.

தில்லைநாதன் பேரம் பேசினார். கருவாட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு, தன்னைவிட இளைய மடத்துச் சாமியிடம் சீடராகச் சேர்ந்தவர். முன்கோபம் மட்டும் கூடவே வந்துவிட்டது. மண்ணைச் சாக்கில் கட்டிப் போட்டால் அது மண்ணில்லை என்றார்.

"சாக்குக்குள்ள என்னண்ணே இருக்கு, அவலா?" என்றாள் செண்பகம்.

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பலகை வைக்கலாம் என்றார். வைத்த பலகையை அடுத்த அலை கொண்டுபோனது. ஒரு தாலிக்காக ஊரே சாக வேண்டுமா என்று கத்தினார். தண்ணீர் முதலில் எங்கே போகும் என்று தனக்கும் தெரியும், தன் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். கத்தாமல் சொன்னாள்.

அவர் சாமியிடம் ஓடினார். சாமி மடத்துப் பங்கில் மண் கூடையோடு நின்றிருந்தார்.

"சாமி, வழக்கம் பெருசா, உயிர் பெருசா?"

சாமி கூடையைச் சுமந்து வந்து செண்பகத்தின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். அவள் பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்கா, தாயி?"

"இருக்கு சாமி. மண்ணைப் போட்டா அவரு செத்துருவாரு. போடலைன்னா பிள்ளை செத்துரும்."

சாமி தலையாட்டினார்.  

அப்போது வந்த அலை இருவர் தலைக்கும் மேலே போனது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தியது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

செண்பகம் எழுந்தாள். கூடையைக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் ஊர்க்காரர்களின் கைகள் அசைந்தன. போட்ட மண்ணை அலை கரைத்தது. மறுபடி போட்டார்கள். கடைசியில் கரை நின்றது.

காற்று திரும்பியதால்தான் சத்தம் வரவில்லை. பிள்ளைகள் பெஞ்சுகள் மேல் ஏறி நின்றிருந்தார்கள். அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் கடல் ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தது. செண்பகம் அந்தப் புது மண்ணுக்குப் பக்கத்தில், கழுத்தில் கிடந்த தாலிக் கயிற்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் தள்ளியே நின்றார்கள். அழுவதா கூடாதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

தில்லைநாதன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவ போட்டது கரைக்குப் போட்ட மண்ணா சாமி, அவனுக்குப் போட்ட மண்ணா?"

"என்னை ஏன் கேக்குறீங்க அய்யா?"

"வேற யாரைக் கேக்க?"

சாமி அந்தப் பங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனைக் கேளுங்க. கயித்தை எத்தனை நாளைக்கு அவ கையில பொத்தி வச்சிருப்பா? உயிரோட இருந்தா வரச் சொல்லுங்க. அவ போட்டதை அவன் கையால அள்ளி எடுத்துட்டு, அவன் மண்ணைப் போடட்டும். அடுத்த ஓதம் ஏறுறதுக்குள்ள."