ஆறு குட்டிகளும் ஒரு நாள் சீம்பாலும்

குலசேகரம் பக்கம் பன்றி வளர்க்கிற ரெத்தினபாய்க்கு அன்று காலை உலகமே இருண்டு போயிற்று. இருந்ததே ஒரு தாய்ப்பன்றி. அதுவும் ஆறு குட்டி போட்ட கையோடு செத்துவிட்டது. குட்டிகள் பசியில் கத்துகின்றன. "பசும்பால் கொடுக்கட்டுமா?" என்று கால்நடை டாக்டர் ஜெபசிங்கிடம் போனில் அழுதாள்.

"பசும்பால் வயிற்றை நிரப்பும்மா, நெஞ்சைக் காக்காது. பன்றிகளுக்கு நிமோனியா பரவுகிற நேரம் இது. உன் பன்றிக்குத் தடுப்பூசி போடலாம் என்று சொன்னேன், நீ கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் புஷ்பத்தின் பன்றிக்குப் போன மாதம் போட்டேன், அதுவும் இன்றைக்குத்தான் குட்டி போட்டிருக்கிறது. ஊசியின் பலன் சீம்பாலில் இறங்கியிருக்கும். முதல் நாளே குடித்தால்தான் உண்டு, ஓடு!"

ரெத்தினபாய் கூடையை எடுத்து வந்தாள். தம்பி ஸ்டான்லிதான் குட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஓடினான். அவள் பின்னாலேயே போனாள்.

புஷ்பத்தின் பன்றிக்குக் காம்பு பதினான்கு. சொந்தக் குட்டியே ஒன்பது. கணக்குப் பார்க்கத் தெரியாதவளா புஷ்பம்? "நம்ம சின்னதுக்குக் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, விடு மக்கா" என்று தன் குட்டிகளைக் கையால் ஒதுக்கி இடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் அந்தச் சின்னக் குட்டி செத்தது. அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

இரண்டே மாதத்தில் ஊரெங்கும் பன்றிகள் இருமத் தொடங்கின. எத்தனையோ கொட்டில் காலியாயிற்று. ரெத்தினபாயின் ஆறும் கொழுகொழுவென்று ஓடித் திரிந்தன! அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருப்பதில் நல்ல பெண்குட்டியைக் காப்பாற்றியவருக்கே கொடுப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

வந்தது வம்பு. "நான் ஓடாவிட்டால்?" என்றான் ஸ்டான்லி. டாக்டர் சிரித்தார்: "எனக்குக் குட்டி வேண்டாம். ஆனால் காப்பாற்றியது என் ஊசி, அதைச் சொல்லிவிடு." புஷ்பமோ, "பால் கொடுத்தது பன்றி. நான் என்னக்கா செய்தேன்?" என்றாள்.

கதை கேட்கிற நீங்களே சொல்லுங்கள்: அந்தப் பெண்குட்டி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: புஷ்பத்துக்குத்தான். தம்பி ஓடாவிட்டால் ரெத்தினபாயே விழுந்தடித்து ஓடியிருப்பாள். டாக்டரின் ஊசி பெரிய காரியம், மறுக்கவே முடியாது. ஆனால் அது எத்தனை பன்றிக்குப் போட்டாலும் அவருக்குக் குறையாது. சீம்பால் ஒரே நாள் சங்கதி. தன் குட்டிக்குக் குறையும் என்று தெரிந்தே கொடுத்தவள் அவள் ஒருத்திதான். ரெத்தினபாய் குட்டியைப் புஷ்பத்தின் மடியில் வைத்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.