பல்லிளித்த தகடு

ஐப்பசி மாதம், வெயிலும் மேகமும் மாறி மாறி வந்த ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. சங்குமுனை மீன்சந்தையின் கூரையில் ஏறிய சூரியத் தகட்டுக்கு அன்று நாற்பதாவது நாள்.

கீழே இருந்த பெரிய குளிர்பெட்டிக்குத் தகடு வரும்வரை மின்சாரம் தந்தது டீசல் என்ஜின். அதற்குப் புகை உண்டு, இரைச்சல் உண்டு, இருபது ஆண்டு அனுபவமும் உண்டு. தகட்டைச் சந்தைப் பெண்கள் சோதனைக்காகத்தான் ஏற்றிருந்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் நம்பிக்கை வராவிட்டால் கழற்றிக் கிடங்கில் போட்டுவிடுவதாகப் பேச்சு.

வாசலில் ஒரு விழிப்புணர்வுப் பலகை நின்றது. "பனிமலைகள் உருகுகின்றன. கடல் உயர்கிறது. விழித்தெழுவீர்" என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. பெண்கள் அதன் மூலையில் கூடைகளை மாட்டினார்கள்.

"பனிமலை இருக்கட்டும். பெட்டியில ஐஸ் உருகுதே, அதை யாரு கேக்குறது?" என்பாள் சந்தைத் தலைவி சலேத்தம்மாள்.

அன்று என்ஜின் தகட்டைச் சீண்டியது. "தம்பி, ஒரே ஒரு மேகம் வரட்டும். நீ பல்லிளித்துவிடுவாய்."

தகடு வெளியூரில் செய்யப்பட்டது. தமிழைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகியது. பலகையிடம் பணிவாகக் கேட்டது: "ஐயா, பல்லிளித்தல் என்றால் என்ன?"

"பற்கள் தெரியச் சிரித்தல்," என்றது பலகை. பழுதாகி நின்றுவிடுவதையும் ஊர் அதே சொல்லால்தான் குறிக்கும். அகராதியில் முதற்பொருளோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

மேகம் வந்தால் சிரிப்பது இவ்வூர் மரியாதை போலும் என்று தகடு எண்ணிக்கொண்டது. கால்மணி நேரத்தில் மேகம் வந்தது. குளிர்பெட்டி நின்றது. பெண்கள் முகம் சுளித்து அண்ணாந்தார்கள்.

"வணக்கம் அம்மா," என்றது தகடு. "மேகம் வந்துவிட்டது. முறைப்படி பல்லிளிக்கிறேன். பதினொரு மணிக்கு வாயை மூடிக்கொள்வேன்."

சலேத்தம்மாள் சிரித்த சிரிப்பில் அவள் கைத்தராசு குலுங்கியது. பெட்டியில் ஐஸ் கட்டும் பெண்ணிடம் திரும்பினாள். "ஏட்டி அமலி, கேட்டியா? இருபது வருசமா இந்த என்ஜினு பல்லிளிக்குது. ஒரு நாளாவது சொல்லிட்டு இளிச்சிருக்கா?"

என்ஜின் இருமியது.

நாள் முழுதும் வானத்தையே பார்த்துக் கிடப்பதால் மேகங்களின் நடை தகட்டுக்கு அத்துப்படி. பதினொரு மணிக்கு வெயில் வந்தது; பெட்டி ஓடியது.

மறுநாள் காலை அமலி கூரையைப் பார்த்துக் கேட்டாள். "இன்னிக்கு எப்பம்லே இளிப்ப?"

"இரண்டிலிருந்து மூன்று வரை, அக்கா."

அப்படியானால் அதற்கு முன்பே ஐஸ் கட்டி வைத்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. வெயிலில் கட்டிய ஐஸை மேகத்தில் செலவழிக்கச் சந்தை பழகிக்கொண்டது. தங்களுக்கு ஒருவர் பாடம் நடத்தியதாக அங்கே எவரும் நினைக்கவில்லை. என்ஜினுக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை கிடைத்தால் அதிகம்.

பலகையால் பொறுக்க முடியவில்லை. "நான் ஓராண்டாக உண்மையைச் சொன்னேன். நீ ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னாய். உன்னையல்லவா கேட்கிறார்கள்?"

"நீங்கள் அவர்களுடைய குறையைச் சொன்னீர்கள் ஐயா, நான் என்னுடையதைச் சொன்னேன். அந்தச் சொல்லின் மற்றப் பொருள் இப்போது எனக்கும் தெரியும். இருந்தாலும் மாற்றவில்லை. அதைக் கேட்கத்தானே அண்ணாந்து பார்க்கிறார்கள்."

கார்த்திகையின் கடைசி நாளில் எவரும் ஏணி கொண்டுவரவில்லை. சலேத்தம்மாள் பலகையை மட்டும் கழற்றிப் புதிதாக எழுதச் சொன்னாள்: 'பனிமலை உருகுகிறது. நம் ஐஸ் உருகக் கூடாது. இன்றைய பல்லிளிப்பு நேரம்.' அதன் கீழே சாக்கட்டியால் எழுத ஒரு கட்டம். நேரம் மறைந்துவிடும் என்பதால் அதன்மேல் பிறகு கூடை தொங்கவில்லை.

பெயிண்டர் எசக்கிமுத்துவுக்குக் கூலி மார்கழி முதல் நாள் கொடுக்கப்பட்டது: இரண்டு கிலோ சீலா மீன். அது குளிர்பெட்டியில் மூன்று நாள் இருந்த மீன் என்பதை, அவர் மறுநாள் வந்து ருசியைப் புகழ்ந்த பிறகுதான் சலேத்தம்மாள் சொன்னாள்.