அங்கம்மை அணைத்த அடுப்பு

மலையும் மனுஷரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, மேனியூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ஊருக்குள் ஓர் அழுகல் பூதம் புகுந்துவிட்டது. பூதம் பூதமாகவா வரும்? வளையல்காரனாக வந்தது, பசுமாடாக வந்தது, பல்லக்கில் மணப்பெண்ணாகவும் வந்தது. அது தொட்ட வீட்டில் தானியம் அழுகியது, தண்ணீர் அழுகியது, படுத்தவர் கால் அழுகியது.

எந்த வேஷத்தில் வந்தாலும் அதை மோப்பத்தால் கண்டுபிடிக்க ஒருவனால்தான் முடிந்தது. அவன் கோட்டை வாசல் காவல்காரன் வேலப்பன். ஆனால் பூதம் பல தெருக்களில், அவனோ ஒருத்தன். அவனுடைய அக்கா அங்கம்மை அரண்மனைக் கஞ்சிக் கொட்டகையில் சமைப்பவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவன் ஒற்றையாய் அல்லாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மலையேறிப் போய், சுனைக்காரி என்னும் மாயக்காரியின் காலில் விழுந்தாள்.

சுனைக்காரி ஒரு செப்புப் பானையைக் கொடுத்தாள். "இதிலே கஞ்சி காய்ச்சி உன் தம்பிக்கு ஊத்து. ஒருத்தன் ரெண்டாவான், ரெண்டு நாலாவான். பூதம் ஓடினதும் அடுப்பை அணைச்சிடு. மூட்டின கைதான் அணைக்கணும். கஞ்சி நின்னா அவங்க மண்ணாயிடுவாங்க."

"என் தம்பி?"

"அடுப்புக்கு உன் தம்பி யாருன்னு தெரியாது, அங்கம்மா. ஒருசிலர் மிஞ்சலாம். யார்னு என்னால சொல்ல முடியாது."

பானையோடு ஊர் திரும்பி அங்கம்மை அடுப்பை மூட்டினாள். கொட்டகை நிறைய வேலப்பன், தெரு நிறைய வேலப்பன், ஊர் நிறைய வேலப்பன். "எதிரி எங்கே? எதிரி எங்கே?" என்று வீடுவீடாகத் தேடினார்கள். மூலை முடுக்கெல்லாம் துரத்தி, பூதத்தைக் கடலில் தள்ளினார்கள்.

அத்தோடு அடுப்பை அணைத்திருக்கலாம். ராஜா விடவில்லை.

"ஜெயித்துக் கொடுத்தவனைப் பட்டினி போட்டேன் என்ற பேர் எனக்கு வேண்டாம். கஞ்சி கொதிக்கட்டும்!"

அங்கம்மைக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். தம்பி இருக்கிறானே.

கஞ்சி கொதித்தது. சும்மா இருக்க முடியுமா அவர்களால்? "எதிரி எங்கே?" என்று போய், ஈர வாடை அடித்ததென்று வண்ணார் வீட்டுத் தாழிகளை உடைத்தார்கள். "எதிரி எங்கே?" என்று போய், தோல் வாடை அடித்ததென்று செருப்புத் தைப்பவரைக் கட்டிப் போட்டார்கள். "எதிரி எங்கே?" என்று போய், புளித்த பால் வாடை அடித்ததென்று ஒரு தொட்டிலைச் சூழ்ந்தார்கள்.

குழந்தையின் தாய் போட்ட கூச்சலில் அங்கம்மை கையில் அகப்பையோடு ஓடிவந்தாள்.

"விலகுக்கா. இது பூதம்" என்றான் ஒரு வேலப்பன்.

"கண்ணு அவிஞ்சுபோச்சாடா? கக்கின பாலுடா அது! நீயும் இப்படித்தான் நாறினே!"

அவன் சிரிக்கவில்லை. அத்தனை முகமும் தம்பி முகம். வாய் அக்கா என்றாலும், ஒன்றில்கூட அக்காவை அறிந்த பார்வை இல்லை. அங்கம்மை குழந்தையை வாரி எடுத்துத் தாயிடம் கொடுத்து, "ஓடு!" என்றாள். நேரே கொட்டகைக்கு நடந்தாள்.

வழியில் ராஜா மறித்தார். "அடுப்பில் கை வைத்தால் தலை போகும்!"

"என் தம்பியே போகப்போறான், ராசா. இந்தத் தலையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? தள்ளுங்க."

ராஜா தள்ளி நின்றார்.

அங்கம்மை விறகை வெளியே இழுத்தாள். குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். புகை எழும்பி அடங்கியது.

வேலப்பன்மார் கிண்ணத்தோடு வந்தார்கள். "அக்கா, பசிக்குது" என்றான் ஒருவன். "அக்கா, பசிக்குது" என்றது தெரு. கடைசியாக ஒருவன் அவள் முந்தானையைப் பிடித்தான். "ஆத்து வெள்ளத்துல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனியே அக்கா. இப்ப விட்டுட்டியா?"

அவள் கை விறகை நோக்கிப் போனது. திரும்பி வந்தது. அவன் தலையைக் கோதிவிட்டாள்.

"சண்டை முடிஞ்சுது சாமி. நீ ஜெயிச்சிட்டே. படுத்துக்கோ."

"முடிஞ்சுதா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவன் தோளில் கை வைத்தான். அவன் அடுத்தவன் தோளில் வைத்தான். தோள் தோளாக அந்தச் சேதி தெருவெல்லாம் போயிற்று. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், கண்ணை மூடினார்கள், மண்ணானார்கள். சத்தமில்லை, ரத்தமில்லை, துர்வாடையுமில்லை. ஊர் ஜனங்கள் கூடை கூடையாக அந்த மண்ணை அள்ளிப்போய் வயலில் போட்டார்கள். முதல் கூடையைச் சுமந்தவர் ராஜா.

அங்கம்மை மட்டும் தம்பி காவல் நின்ற கோட்டை வாசலுக்கு ஓடினாள். அங்கே கிணற்றடியில் நாலைந்து வேலப்பன்மார் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி இல்லாமலே உயிர் தரித்தவர்கள். இனி எத்தனை வருஷமானாலும் பூதத்தின் வாடையை மறக்காதவர்கள்.

"உங்கள்ல யாருடா என்கூடப் பிறந்தவன்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியலையே அக்கா" என்றான் ஒருவன். அவன் கண் கலங்கியது. நாலைந்து பேர் கண்ணும் கலங்கியது.

அங்கம்மை மூக்கைச் சிந்தினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"தெரியாட்டிப் போகுது. எல்லாரும் கை கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்."

அன்று முதல் மேனியூர் வாசலில் எந்தப் பூதமும் கால் வைக்கவில்லை. அந்த வாசலைப் போலவே உங்கள் வீட்டு வாசலும் காவலோடு இருக்கட்டும்!