பெள்ளன் துடைத்த புல்வெட்டி

நீலமலைக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தைச் சுற்றிப் பெரிய புல்வெளி. அந்தப் புல்வெளியில் முயல்களும் கேளையாடு என்கிற சின்ன மான்களும் மேய்ந்தன. அவற்றை மேய்வதற்கு ஒரு சிறுத்தையும் இருந்தது.

சிறுத்தைக்கு வேண்டியதெல்லாம் உயரமான புல். புல் உயர்ந்துவிட்டால் உள்ளே படுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க வருகிறவர்களை ஒவ்வொருவராக வரவேற்கலாம். புல் குட்டையாக இருந்தால் அதன் புள்ளிகள் மலை உச்சி வரை தெரியும். கோடை மழை விழுந்ததும் அங்கே புல் வளரும் வேகத்துக்கு முயல்களின் பல் ஈடுகொடுக்காது. அதனால் வருஷா வருஷம் சிறுத்தை கொழுத்தது, முயல்கள் குறைந்தன.

இதை மாற்றியவன் பெள்ளன் என்ற கருமந்தி. மலைச்சரிவில் ஒரு பங்களா இருந்தது. அங்கே தோட்டக்காரர் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போவதை மூன்று வருஷம் மரத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தான். பங்களாவைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போனபிறகு மெஷினையும் ஸ்பேனர் பெட்டியையும் கொட்டகையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டான். பெட்ரோலுக்கு என்ன செய்தான் என்று கேட்காதீர்கள். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் இருக்கும்வரை குரங்குக்கு எதுவும் கிடைக்கும்.

இரண்டு வருஷம் பெள்ளன் புல் வெட்டினான். இரண்டு வருஷமும் சிறுத்தை ஓடையில் நண்டு பிடித்துத் தின்றது. எலும்பு தெரிய இளைத்துப்போனது. முயல்கள் பெள்ளனை “அண்ணே” என்று கூப்பிட ஆரம்பித்தன. அதுதான் அவன் தலைக்கு ஏறியது.

மார்கழி வந்தது. உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிப் பழுப்பாகிவிட்டது. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மெஷின் பாறைக் குகையில் கிடந்தது. ஐப்பசியில் கடைசியாக வெட்டிய ஈரப்புல் அதன் அடியில் ஒட்டி அப்படியே அழுகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் முள்ளம்பன்றி சிக்கி குகைப்பக்கம் வந்தாள். அவள் முன்பு தோட்டக்காரரின் கொட்டகைக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தவள். அவர் பனிக்காலத்தில் செய்கிற வேலையெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தொட்டியில் மிச்சம் இருக்கும் பெட்ரோலை இப்போதே வடித்துவிடு, வைத்திருந்தால் பிசினாகிவிடும் என்றாள். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைச் சுரண்டு, பிளேடைக் கழற்றித் தீட்டு, பழைய ஆயிலை மாற்று, பிளக்கைத் துடை என்றாள். சொல்லும்போதே மூக்கைச் சுளித்தாள், ஏனென்றால் அழுகிய புல் அவ்வளவு நாறியது.

பெள்ளனுக்குச் சுருக்கென்றது. காட்டில் எத்தனை பேர் தன்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், இவள் வந்து சாக்கடை அள்ளச் சொல்கிறாளே என்று நினைத்தான். மழைக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றான். சிக்கி தோளைக் குலுக்கிக்கொண்டு கிழங்கு தோண்டப் போய்விட்டாள். அவளுக்கு இரண்டு முறை சொல்லும் வழக்கம் கிடையாது.

அடுத்த வாரம் சிறுத்தை வந்தது. பெள்ளன் ஒரே தாவாக மரத்தில் ஏறிக்கொண்டான். சிறுத்தை அவனைப் பார்க்கவே இல்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு பெருமூச்சு விட்டது.

“தம்பி, நான் உனக்கு எதிரிதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னைப் பட்டினி போட்ட மெஷின் இப்படித் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. ஒரு பெரிய ஆளிடம் தோற்றோம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டாமா?”

பெள்ளன் ஒரு கிளை கீழே இறங்கினான்.

சிக்கி சொன்னதை அவன் சொன்னபோது சிறுத்தை சிரித்தது. உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டது. இந்தக் கைகள் அழுக்கு சுரண்டுகிற கைகளா என்றும் கேட்டது. சிவப்பு மெஷின் சிவப்பாகப் பளபளக்க வேண்டும், அதைப் பார்த்த மாத்திரத்தில் தன்னைப் போன்றவர்கள் நடுங்க வேண்டும் என்றது. சொல்லிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நடுங்கியபடியே போனது. நடிப்பு கொஞ்சம் அதிகம்தான். பெள்ளனுக்கு அது போதவில்லை, இன்னும் கொஞ்சம் நடுங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

அன்றைக்கே வேலையில் இறங்கினான். பங்களா சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. மெஷினின் மேல்பக்கத்தைத் துடைதுடை என்று துடைத்தான். தன் முகம் தெரிந்ததும் அரைநாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பிடியில் பூச்சரம் கட்டினான். சக்கரத்துக்கு மஞ்சள் பூசினான். தை முழுக்க முயல்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தன. ஒரு ஆளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க அனுமதி. உள்ளே தொட்டியில் பெட்ரோல் மெல்லப் பிசினாகிக்கொண்டிருந்தது. காற்று போகும் குழாயில் ஒரு எலி குடும்பத்தோடு குடியேறியது.

பங்குனியில் மழை விழுந்தது. ஒரே வாரத்தில் புல் முயல்களின் காதுக்கு மேலே போய்விட்டது. முயல்களுக்குத் தலைவியாக இருந்தவள் நஞ்சி. அவள் வந்து, சீக்கிரம் வெட்டிவிடுங்கள் அண்ணே, குட்டிகளைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது என்றாள். பெள்ளன் துவக்கவிழா இல்லாமல் எப்படி என்று கேட்டான். மயில் வர வேண்டும், காட்டெருமை தலைமை தாங்க வேண்டும், நல்ல நாள் பார்க்க வேண்டும். எல்லாம் கூடிவரப் பத்து நாள் ஆனது. புல் கேளையாட்டின் முதுகைத் தொட்டது.

விழா நாளில் எல்லாரும் குளக்கரைப் பாறையில் கூடினார்கள். காட்டெருமை வரவில்லை. பெள்ளன் மெஷின்மேல் ஏறி நின்று பேசினான். நீளமாகப் பேசினான். புல்லுக்குள் படுத்திருந்த சிறுத்தையும் முழுசாகக் கேட்டது. அதற்கு வேறு வேலை இல்லை.

பேச்சு முடிந்ததும் பெள்ளன் கயிற்றை இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தான். மயில் கொட்டாவி விட்டது. நாற்பதாவது தடவை இழுத்தபோது மெஷின் ஒரு இருமல் இருமியது. கறுப்பாக ஒரு கொத்துப் புகை வந்தது. புகைக்குப் பின்னால் எலி வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

அந்த நிசப்தத்தில்தான் சிறுத்தை பாய்ந்தது.

முயல்கள் நாலாபக்கமும் சிதறின. நஞ்சி இரண்டு குட்டிகளைத் தள்ளிக்கொண்டு பாறை இடுக்கில் விழுந்தாள். அவள் பின்னங்காலில் நகம் கிழித்த கோடு ஓடியது. இடுக்குக்குள் கை நுழையாமல் சிறுத்தை திரும்பியது. எதிரே கயிற்றைப் பிடித்தபடி உறைந்து நின்றான் பெள்ளன். அவன் மரத்துக்குத் தாவினான். உடம்பு போய்ச் சேர்ந்தது. வாலில் பாதி போய்ச் சேரவில்லை.

சிறுத்தை வால்துண்டைத் துப்பிவிட்டு மேலே பார்த்தது.

“நன்றாகத்தான் துடைத்திருக்கிறாய் தம்பி. ஒரு குறையும் இல்லை.”

பெள்ளன் மரத்திலேயே இரண்டு நாள் இருந்தான். வால் வலித்தது. அதைவிட, கீழே ஒருவரும் தண்ணீருக்கு வராததைப் பார்ப்பது வலித்தது. குளம் நிரம்பிக் கிடந்தது. முயல்கள் வளைக்குள் நாக்கு வறண்டு கிடந்தன. மூன்றாம் நாள் பகலில், சிறுத்தை எதிர்ச்சரிவில் தூங்கும் நேரம் பார்த்து இறங்கி, மெஷினைக் குகைக்குத் தள்ளிக்கொண்டு போனான். பிறகு சிக்கியின் வளை வாசலில் போய் நின்றான். கழற்றத் தெரியவில்லை, காட்டிக்கொடு என்றான். அவ்வளவு சின்ன வாக்கியத்தை அவன் வாழ்க்கையில் பேசியதே இல்லை.

சிக்கி அவனைத் திட்டவில்லை. ஸ்பேனரைக் கையில் கொடுத்தாள்.

மார்கழியில் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும் வேலை ஐந்து நாள் இழுத்தது. அடிப்பக்கத்துப் புல் கல்லாக இறுகியிருந்தது. பிளேடில் துருவைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிசினை நகத்தால் வழித்து எடுத்தான். எலிக்கூட்டை உருவி எறிந்தான். எலி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தலை குனிந்துகொண்டான். முழங்கை வரை கறுப்பாகி, ஊரே மூக்கைப் பிடிக்கும்படி நாறினான். அந்த ஐந்து நாளில் சிறுத்தை ஒரு கேளையாட்டைக் கொண்டுபோனது. அந்த அலறல் கேட்டபோது பெள்ளன் தீட்டிக்கொண்டிருந்த பிளேடைக் கீழே வைக்கவில்லை. இன்னும் வேகமாகத் தீட்டினான்.

ஆறாம் நாள் புதுப் பெட்ரோல் ஊற்றி இரண்டாம் தடவை இழுத்ததும் மெஷின் உறுமியது. பேச்சு எதுவும் இல்லை. குளக்கரையிலிருந்து ஆரம்பித்துக் காடு முட்டும்வரை வெட்டினான். நடுவில் எங்கோ படுத்திருந்த சிறுத்தைக்கு மறைவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் அது ஒரு பாய் அகலப் புல்லுக்குள் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அது எழுந்து, யாரையும் பார்க்காத மாதிரி, ஓடைப்பக்கம் நடந்தது.

நஞ்சி நொண்டிக்கொண்டே வந்தாள். தன்னை விரட்டத்தான் போகிறாள் என்று பெள்ளன் நினைத்தான். அவள் குட்டிகளைத் தண்ணீரில் விட்டாள். அவை குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, “அந்த மூலையில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது” என்றாள்.

பெள்ளன் போய் அதையும் வெட்டினான்.

பிறர் மெச்ச வெளியே துடைக்கிறவனுக்கு விழா நாளில் மாலைதான் கிடைக்கும்; கை அழுக்காக உள்ளே சரிசெய்து வைக்கிறவனுக்கே ஆபத்து நாளில் கருவி வேலை செய்யும்.